வெள்ளிக்கிழமைப் பாட்டு

விவாகரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், மகளோடு பேச அவளுடைய வாப்பா என் போனுக்குக் கோல் எடுப்பார். பலாபத்வலையில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தா சொன்னபடி, அவருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ரெக்கோட் செய்தேன். கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை விட்டால் வழக்கைத் தீர்க்கும் காதியாரிடம் காட்டலாம், பிறகு மகளைக் கேட்டு வரமாட்டார் என்று நினைப்பு.

மூன்று மாதமாகியும் அப்படியொன்றும் வரவில்லை. அவர் மகளுக்குப் பாட்டுத்தான் பாடினார். அதில் கத்தியிருந்தது நான்தான்.

மாத்தளையில் ஒரு லோயரிடம் போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "இது அவருக்குத் தெரியுமா?" என்றார். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி அவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க பேசினதையெல்லாம் ரெக்கோட் பண்ணியிருக்கேன். இனிப் பண்ண மாட்டேன்."

"சரி, புள்ளகிட்ட குடுங்க" என்றார்.

அன்றிலிருந்து சாப்பிட்டாயா, படித்தாயா என்று அளந்து கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார், கோர்ட்டில் சாட்சி சொல்பவரைப் போல.

"உம்மா, வாப்பா ஏன் இப்ப பாடுறதில்ல?" என்கிறாள் மகள்.

அந்தப் பாட்டெல்லாம் என் போனில்தான் இருக்கின்றன. அவரைக் கேட்காமல் போட்டுக் காட்ட மனம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.