உள்ளங்கைச் சீனி

மெல்பனில், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறவர்கள் காலை ஒன்பதுக்கே 'ஐ ஆம் டெட்' என்கிறார்கள். வந்த புதிதில் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன். இப்போது ஒரு டின்னை நீட்டுகிறேன். செத்தவர்களை எழுப்புவதுதான் என் தொழில். டேனியல், ஹானா, நான் மூவரும் தொடங்கிய கம்பெனி. மற்ற எனர்ஜி ட்ரிங்க்குகளில் சீனி அதிகம், நெஞ்சு படபடக்கும். நாங்கள் தேயிலையும் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துச் சீனியில்லாமல் செய்வதாகக் கிளம்பினோம். டேனியலின் சமையலறையில் பதினேழு கலவைகள் காய்ச்சினோம். எல்லாமே உடம்புக்கு நல்லவை, ஒன்றையும் வாயில் வைக்க முடியவில்லை. நான் மட்டும் குடித்தேன். என் நாக்கைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது, அது தேயிலைத் தூளில் வளர்ந்தது.

இலங்கையில், நிவித்திகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அம்மா கொழுந்து பறிக்கப் போகுமுன் எனக்கும் தங்கச்சி லெச்சுமிக்கும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பாள். ஒரு நக்கு, பாலில்லாத பிளேன்டீ ஒரு மடக்கு. கோப்பையில் போட்டால் மூன்று கரண்டி கேட்கும். கையில் வைத்தால் அரைக் கரண்டியிலேயே நாக்கு ஏமாந்துபோகும். இதை ஒருநாள் வாய்தவறி டேனியலிடம் சொல்லிவிட்டேன். "ரிச்சுவலா?" என்று கண்ணை விரித்தான். வறுமைக்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். ஆனாலும் "யெஸ்" என்றேன். "எவ்ரி மார்னிங்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அடுத்து வந்த டின்கள் ஒவ்வொன்றிலும் கித்துள் மரத்துக் கருப்பட்டித் தூள் கொஞ்சம், சின்னப் பொட்டலமாக ஒட்டியிருந்தது. கையில் கொட்டு, நக்கு, குடி. நன்றாக விற்றது. ஜிம் வாசலில் கை நக்கிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். பசியில்லாமல் நக்குவது தனி அழகு. பிறகு டேனியலுக்கு வீடியோ வேண்டியிருந்தது: அசல் தோட்டத்துக் கை. அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெச்சுமியைப் போனில் பிடித்தேன்.

"சீனி நக்கி பிளேன்டீ குடிக்கிறத எடுத்து அனுப்பு தங்கச்சி. கை மட்டும் போதும்."

"ஏண்ணே, அங்க கரண்டி கெடைக்காதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எம்மக அப்படிக் குடிக்கக் கூடாதுன்னுதான் சீனிப் போத்தலும் கரண்டியும் வாங்கி வச்சேன். அவ டவுன் ஸ்கூல்ல ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா. எல்லாப் புள்ளைங்க கையிலயும் போன் இருக்கு. ஒங்க வீட்டுல இப்படித்தான் நக்குவீங்களான்னு ஒருத்தி கேட்டா, அவ மறுபடி ஸ்கூல் பக்கம் போவாளா?"

"மொகம் வராதும்மா."

"எங் கைய அவளுக்குத் தெரியாதா? ஒங்களுக்குக் கைதானே வேணும்? ஒங்க கையும் நம்ம வீட்டுக் கைதான். அதக் காட்டுங்க."

காட்டினேன். கணினி தட்டிய கை, பஞ்சுபோல் இருந்தது. டேனியல் உதட்டைப் பிதுக்கினான். ஒப்பனைக்கு வந்த பெண் என் விரல்களில் வெடிப்பு வரைந்து, நகக்கண்களில் கறுப்பு ஏற்றினாள். அம்மாவின் கையில் முப்பது வருடத்தில் ஏறிய கறை, எனக்கு இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது. பதினொரு தடவை நக்கினேன்.

வீடியோ வெளிவந்த அன்று மாலை, டிராமில் வரும்போது போனில் லெச்சுமியின் குரல்பதிவு வந்தது.

"மக காட்டுனா, பாத்தோம். நம்மள விட்டுட்டு வேற யாரையோ வச்சு எடுத்தது நல்லதாப் போச்சுண்ணே. யாரு கை அது? பாவம், ரொம்ப வேல செஞ்ச கை. அந்த ஆளுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

நகக்கண்களில் சாயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பதில் எழுதினேன்:

"இங்க உள்ள ஒரு ஆளு."