முப்பது முட்டை சுமந்த எலி

அமினியேலை இன்றைக்கு மலை முழுக்க 'எலிக்காரன்' என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். ஆனால் அவன் கதையை யாரும் சரியாகச் சொல்வதில்லை. சிலர் முழங்காலில் தொடங்குகிறார்கள், சிலர் எலியில் தொடங்குகிறார்கள். முட்டையில்தான் தொடங்கவேண்டும். என் வாழைத் தோப்புக்கும் அவன் தோப்புக்கும் நடுவே ஒரு வரிசை சலேச் செடிதான் வேலி. அவன் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். ஆகவே நான் சொல்வதுதான் சரி.

பதினெட்டு வருஷம் அவன் கிலிமஞ்சாரோவில் சுமை தூக்கினான். மலைக்குள் நுழைகிற மராங்கு வாசலில் தராசில் எடை போட்டு, தலையில் ஏற்றினால், மேல் குடிசைகளில்தான் இறக்குவான். தலையில் இருப்பது மலையேற வந்தவர்களின் பொருள். முதுகில் தொங்கும் சின்னப் பையில் தன்னுடைய போர்வையும் ஸ்வெட்டரும். சுமைக்காரன் என்றால் எங்கள் ஊரில் அதுதான் உருவம்.

பெருமழை மாதம் ஒன்றில் அவன் தலைச்சுமையின் உச்சியில் முட்டை அட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். முப்பது முட்டை. முதல் குடிசை தாண்டி, மரவேர்களே படிகளாக இருக்கிற இடத்தில் அவனுக்குக் கால் வழுக்கியது. வேறு எவனாக இருந்தாலும் சுமையை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பான். அமினியேல் இரண்டு கையாலும் சுமையைப் பிடித்துக்கொண்டான். முழங்கால் நேராகப் போய்க் கல்லில் இறங்கியது. பின்னால் வந்த சமையல்காரன் எண்ணிப் பார்த்தான். ஒரு முட்டையில்கூடக் கீறல் விழவில்லை.

கூட்டத்தை நடத்திப் போன வழிகாட்டி கவிஷே முன்னால் இருந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை. பயணம் அரை நாள் தாமதமாகிவிட்டது என்ற எரிச்சலோடு அவனைக் கீழே கொண்டுவந்து, வாசலில் நூறு பேர் முன்னால் சொன்னான்: "சுமக்கத் தெரியாதவனக் கூட்டிட்டுப் போனா இதுதான் கதி."

எங்கள் பக்கத்தில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம். அவன் சண்டைக்கு வருவான், முடிந்துவிடும். சுமக்கத் தெரியாதவன் என்று சொன்னால் அவன் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான். அமினியேலும், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்படியே போனான். அதன்பிறகு இரண்டு வருஷம் வாசல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சமையல்காரன் தன் வேலைக்குப் பயந்து வெளியில் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குள் கம்பி வைத்து, நாலு மாசம் கட்டிலை விட்டு இறங்காதே என்றார்கள். அவன் மனைவி மன்கா, செவ்வாய்க்கிழமை தோறும் தேவாலயத்துப் பெண்களோடு உட்கார்ந்து குரோஷா பின்னுகிறவள். எங்கள் வீடுகளில் நாற்காலிக்கு விரிப்பு உண்டு, ரேடியோவுக்கும் உண்டு. எல்லாம் அந்தக் கைகள் பின்னியவை. சைக்கிள் கம்பியை வெட்டி, நுனியை அரத்தால் ராவி, கொக்கி வைத்த ஊசி. அவள் கட்டிலில் போட்டுவிட்டுப் போன ஒன்றை இவன் எடுத்துக்கொண்டான்.

"என்னய்யா இது, ஊசியத் தூக்கிட்ட? அடுத்து பாவாடை கட்டிக்கப் போறியா?" என்றாள் மன்கா.

"பாவாடை அப்புறம். இந்தக் கண்ணியில நூல எத்தனை தடவ சுத்தி இழுக்கணும்? அதச் சொல்லு."

அவன் கை கயிறு கட்டிப் பழகிய கை. ஒரு மாசத்தில் மன்காவின் பின்னலைவிட அவன் பின்னல் இறுக்கமாக விழுந்தது. அவள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் தொட்டுப் பார்த்தவள்.

பாதையில் போகிற சுமைக்காரப் பையன்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேலி செய்வார்கள். "அண்ணே, எங்க வீட்டு ரேடியோவுக்கும் ஒரு விரிப்பு!"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு மூடி பின்றேன்டா. அளவு குடுத்துட்டுப் போ."

ஆனால் அவன் விரிப்புப் பின்னவில்லை. எலி பின்னினான். மேல் குடிசைகளைச் சுற்றி ஒரு எலி உண்டு. முதுகில் நாலு கறுப்புக் கோடு. சுமைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து அதுவும் உட்காரும், சோளக்களி உதிர்ந்தால் எடுத்துக்கொள்ளும். அந்தக் குளிரில் எங்கள் ஆட்களை விட்டுப் போகாத ஒரே பிராணி. "எங்க ஆளு" என்றான் அமினியேல்.

நண்பர்களின் கிழிந்த குல்லாய்களை வாங்கிப் பிரித்து நூல் எடுத்தான். ஆறு கண்ணியில் ஒரு வட்டம் தொடங்கி, சுற்றிச் சுற்றி வளர்த்து, தையலே தெரியாமல் உடம்பு. உள்ளே இலவம்பஞ்சு. பாதத்துக்குள் ஓடைக் கூழாங்கல், அது நழுவாதபடி நெருக்கமான பின்னல். பிறகு சாமான்கள். அதில்தான் அவன் பதினெட்டு வருஷமும் வெளியே வந்தது. கயிறு கோத்த பூட்ஸ். மழைக்கோட்டு. நெற்றியில் மஞ்சள் நூலில் டார்ச். காப்பிக் குச்சி மேல் நூல் சுற்றிய கைத்தடி. இடுப்பில் தண்ணீர்க் குப்பி. முதுகில் சின்னப் பை, அதற்குள் மடித்த போர்வை. தலையில் பெரிய சுமை: சுருட்டிய கூடாரம், கரி பிடித்த பானை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முட்டை அட்டை. அதில் மிளகு அளவு முப்பது முட்டை. ஒவ்வொன்றாகப் பின்னி வைத்திருந்தான்.

இப்படி முழுசாக ஒன்று முடிவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மன்கா பெருமையோடு அதை மராங்கு வாசலுக்கு எடுத்துப் போனாள். அங்கே கைத்தடியும் கையுறையும் வாடகைக்கு விடுகிற கடையில், வருகிறவர்கள் வாங்கிப் போகப் பொம்மைக்கு அலமாரியில் ஒரு தட்டு உண்டு. கடை யாருடையது? கவிஷேயுடையது. அவனும் மலையேறுவதை விட்டிருந்தான். அவனுக்கும் முழங்கால்தான் போச்சு. அதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

கவிஷே எலியை மேஜைமேல் நிற்கவைத்தான். தலைகுப்புற விழுந்தது. மறுபடி வைத்தான், விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்ததும் கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"செஞ்சவன் எப்படியோ அப்படித்தானே பொம்மையும் இருக்கும். மன்கா, தலைச்சுமையப் பிச்சுட்டு ஒரு பெரிய பையா முதுகுல மாட்டச் சொல்லு. மலையேறுற எலி. இருபது எடுத்துக்கறேன்."

அவள் வீடு வந்து சேரும் வரை பாதை முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது. திட்டி முடித்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்: "முதுகுலயே மாட்டிடேன்யா. என்ன குறைஞ்சிடும்? இருபது எலி!"

"முதுகுல மாட்டினா அது மலை பாக்க வந்த எலி. இது சுமக்குற எலி."

"விழுதே!"

"நிக்க வைக்கிறேன். அவன் மேஜையிலேயே, எல்லார் முன்னாலயும் நிக்க வைக்கிறேன். அப்புறம் பேசச் சொல்லு அவனை."

அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் பின்னுவது பொம்மை இல்லை என்று.

பத்து நாள் போராடினான். பாதத்தில் கல்லைக் கூட்டினான். எலி பின்னால் சாய்ந்தது. சுமையின் பஞ்சைக் குறைத்தான், பானை சப்பையாகிவிட்டது. கழுத்துக்குள் கம்பி வைக்கச் சொன்னாள் மன்கா. "குழந்தை கண்ணுல குத்தவா?" என்று மறுத்தான். கோபத்தில் இரண்டு எலியைத் தலையிலிருந்து வால் வரை பிரித்துப் போட்டான். நானும் கேழ்வரகுக் கள் ஒரு சுரைக்குடுவை கொண்டுபோய் வைத்து, "போகட்டும் விடப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். கள்ளைக் குடித்தான். சொன்னதை விட்டுவிட்டான்.

பதினோராம் நாள். சமவெளிக்குப் போய் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு மன்கா மேலே ஏறி வந்தாள். நான் வேலி ஓரம் நின்றிருந்தேன். முற்றத்தில் புல்லுக்கட்டைத் தொப்பென்று தள்ளினாள். தலையில் மிச்சம் இருந்தது காய்ந்த வாழைப்பட்டையில் முறுக்கிய சும்மாடு. அதை எடுத்து, அமினியேல் பின்னுகிற மேஜைமேல் வீசினாள். அது உருண்டுபோய், குப்புறக் கிடந்த எலியின் பக்கத்தில் நின்றது.

மன்கா அதைப் பார்த்தாள், எலியைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட பாவி மனுஷா! பூட்ஸு போட்ட, டார்ச்சு போட்ட, குப்பி போட்ட. பதினெட்டு வருஷம் சுமந்தவன், ஒரு சும்மாடு இல்லாமலா அந்த எலிய மலைக்கு அனுப்பின?"

நான் அதை அவளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். இதில் எனக்கும் அவளுக்கும் இன்றுவரை தகராறு.

அமினியேல் நெற்றியில் அடித்துக்கொண்டான். மற்றவர்கள் சாமானையெல்லாம் பட்டியலாக நினைவு வைத்திருந்தவன், தன் தலையில் இருந்ததை மறந்துவிட்டான். மலையில் எங்கள் ஆட்கள் சும்மாட்டைச் சாமான் என்று எண்ணுவதே இல்லை. பழைய துணியையோ ஸ்வெட்டரையோ முறுக்கி வைப்பார்கள்; அது தலைமுடி மாதிரி. யார் கணக்கில் வைப்பார்கள்?

அன்று மாலையே தடித்த நூலில் ஒரு சும்மாடு பின்னினான். எலியின் இரண்டு காதுக்கும் நடுவே பள்ளம்போல் உட்கார்த்தினான். முகவாயைச் சற்றே தூக்கிவைத்தான், சுமை ஏறினால் எங்கள் ஆட்கள் தூக்குவார்களே அப்படி. மேலே சுமையை வைத்தான். கையை எடுத்தான்.

நின்றது.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, எலியைக் கூடையில் வைத்து வாசலுக்குக் கிளம்பினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. மன்கா கூடப் போனாள். நான் எனக்கு வாசலில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். எந்த வேலையும் இல்லை.

நூற்றுக்கணக்கான சுமைக்காரர்கள் எடைக்காக வரிசையில் நின்றார்கள். அமினியேல் யாரையும் பார்க்காமல் கடை ஜன்னலுக்குப் போனான். வெளித்திண்டில் எலியை நிற்கவைத்தான்.

"கவிஷே அண்ணே. முதல் கூட்டம் உள்ள போறதுலேருந்து கடைசிக் கூட்டம் போற வரைக்கும் இது இங்க நிக்கும். ஒரு தடவ விழுந்தாலும் நானே சுமையப் பிச்சு முதுகுல மாட்டிடறேன். நீங்க சொன்னதும் சரின்னு ஒத்துக்கறேன்."

"எது?"

"எனக்குச் சுமக்கத் தெரியாதுன்னு சொன்னது."

வரிசையே கழுத்தை நீட்டிப் பார்த்தது. கவிஷே கையைக் கட்டிக்கொண்டான். "நிக்கட்டும் பாப்போம்."

முதல் கூட்டம் போனது. எலி நின்றது. ஒரு லாரி வந்து திண்டை அதிரவைத்தது. எலி நின்றது. பிறகு காட்டிலிருந்து மூடுபனி இறங்கித் தூறல் பிடித்தது. கம்பளி நூல் தண்ணீர் குடிக்கும், சுமை கனத்தது. கழுத்து மெல்ல, மிக மெல்ல, இடதுபக்கம் சாய்ந்தது. மன்கா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வளையல் பதிந்துவிட்டது.

"நில்றா தம்பி! சும்மாட்ட விடாதே!" என்று வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"முகவாயத் தூக்கு!" என்றான் இன்னொருவன். அவ்வளவுதான், எல்லோரும் எலிக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். "முன்னால போறவன் குதிகாலப் பாரு!" "மெதுவா, மெதுவா!" தங்கள் முறை வந்தவர்கள்கூடத் தராசுக்குப் போகவில்லை. தராசுக்காரர் ஷிரிமா கோபமாக வந்தவர், அவரும் நின்றுவிட்டார்.

சுமை ஒரு விரல் சாய்ந்து, சும்மாட்டின் ஓரத்தில் முட்டிக்கொண்டு, அங்கேயே நின்றது. சுமை நனைந்ததும் பாதத்துப் பின்னலும் நனைந்து திண்டோடு ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் அது அசையவில்லை.

கடைசிக் கூட்டத்தின் பெயரைக் கூப்பிட்டபோது தூறல் விட்டிருந்தது. எலி நின்றுகொண்டிருந்தது.

கவிஷே ஜன்னல் வழியாகக் குனிந்தான். தன் பெரிய விரலால் முட்டை அட்டையைத் தொட்டு எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமாக. ஏன் எண்ணுகிறான் என்று எங்களுக்குப் புரியவில்லை. அமினியேலுக்குப் புரிந்தது, அவன் தடியை இறுக்கிப் பிடித்தான்.

"முப்பது," என்றான் கவிஷே. "ஒண்ணும் உடையல." நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். "அன்னைக்கும் முப்பதுதான். சமையக்காரன் வந்து எங்கிட்ட சொன்னான். கால விட்டுட்டுச் சுமையக் காப்பாத்தினவன் இவன். நான் அதச் சொல்லாம முழுங்கிட்டேன்."

கடையை விட்டு வெளியே வந்தான். வாசல் ஓரத்துச் சலேச் செடியிலிருந்து நீளமான இலை ஒன்றை ஒடித்து, முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினான். சலே இலையை நீட்டி மன்னிப்புக் கேட்டால் எங்களில் யாரும் மறுக்க முடியாது. நாம் பெற்ற பிள்ளையைக் கொன்றவன் நீட்டினாலும் வாங்கத்தான் வேண்டும்.

அமினியேல் உடனே வாங்கவில்லை. மூன்று மூச்சு அவனை நிற்கவைத்தான். அதில் தப்பில்லை; நானாக இருந்தால் பத்து மூச்சு நிறுத்தியிருப்பேன். பிறகு வாங்கினான். எலியின் சுமைக் கயிற்றில் குறுக்கே செருகினான்.

"தட்டுல இடம் ஒதுக்குங்கண்ணே. எல்லாம் தலையில சுமக்குறதுதான் வரும்."

"தட்டு என்ன தட்டு, ஜன்னல் முழுக்க எடுத்துக்க," என்றான் கவிஷே.

அப்போதுதான் ஷிரிமா தொண்டையைச் செருமினார். "எடை போடாம ஒரு சுமையும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. சட்டம் சட்டம்தான்." தராசுக் கொக்கியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, எலியைச் சுமையோடு தூக்கி அதற்குள் நிறுத்தினார். முள் அசையவே இல்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, வெகு நேரம் பார்த்தார். பிறகு மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"சுமைக்காரர் எலி! எடை சரி! உள்ள விடு!"

வாசலில் எழுந்த கூச்சலில் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. அமினியேல் தோளில் கிடந்த துண்டை முறுக்கித் தன் தலையில் சும்மாடாக வைத்தான். அதன்மேல் எலியை ஏற்றினான். தடியை என்னிடம் நீட்டினான்.

"நீ விழுந்தா நான் தூக்கமாட்டேன்," என்றேன்.

"விழமாட்டேன்," என்றான்.

கடைசிக் கூட்டத்தோடு வாசலைத் தாண்டி, நொண்டி நொண்டி, முகவாயைத் தூக்கிக்கொண்டு, முதல் மரப்பாலம் வரை போனான். திரும்பியும் வந்தான். எலி அசையவில்லை. கையால் ஒருமுறைகூட அவன் அதைப் பிடிக்கவில்லை.