எழுபத்தாறு என்று எழுதினேன்

2009 வைகாசி, ஊரில் போர் முடிந்த வாரம். ரொறொன்ரோவில் ஒரு கம்யூனிற்றி கொலிஜில் பிசியோதெரப்பி உதவியாளருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதில் புத்தகப் பையைத் தூக்குவதே பெரும்பாடு. அதற்கு மேல், செய்முறை வகுப்பில் எனக்கு வாய்த்த ஜோடி ஒரு மன்னார்ப் பிள்ளை.

நகருக்கு வெளியே, ஒஷாவாவிலிருந்து பஸ்ஸில் வருவாள், எப்போதும் பிந்தித்தான். வகுப்பில் போன் கூடாது என்று எத்தனை தரம் சொன்னாலும் அது அவள் பொக்கற்றில் அதிர்ந்துகொண்டே இருக்கும். என் முழங்காலுக்குக் கட்டுப் போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு போனோடு வெளியே ஓடிய நாளும் உண்டு. "படிக்கிறதெண்டால் ஒழுங்காப் படியும், இல்லாட்டி விட்டுட்டுப் போம்" என்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். "ஓம் அக்கா" என்றாள். அந்த "ஓம் அக்கா" என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

நாடித் துடிப்புச் சோதனை வந்தது. ஜோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவரும் அடுத்த படிப்புத் தவணைவரை காத்திருக்க வேண்டும். அன்றும் கடைசி நிமிடத்தில்தான் வந்தாள். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்றி இருபத்துநான்கு. கதிரையில் சும்மா இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வருமா? நான்தான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து, புத்தகத்துக்குப் பொருந்துகிற மாதிரி எழுபத்தாறு என்று எழுதினேன்.

ஆசிரியை அவளுடைய மற்றக் கையைப் பிடித்து எண்ணினார். பிறகு என் தாளைப் பார்த்தார். பெயில்.

வெளியே வந்ததும் அவள்மேல்தான் பாய்ந்தேன். "ஓடி வந்தனீரோ? முதலே சொல்லியிருக்கலாமே."

"ஓடேல்லை அக்கா. அண்ணா வன்னியில, சண்டைக்குள்ள. அஞ்சு நாளா ஒரு தகவலும் இல்லை."

"பிறகேன் வந்தனீர்?"

"நான் வராட்டி உங்களுக்கும் சோதனை இல்லையெல்லோ."

என் குடும்பம் முழுவதும் கனடாவில் பத்திரமாக இருந்தது. போரை நிறுத்தச் சொல்லி இங்கே நடந்த ஒரு ஊர்வலம் விடாமல் போய் நின்று கத்தியவள் நான். நான்கு மாதம் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தவணை முடியும்வரை அவளுடைய அண்ணாவைப் பற்றித் தகவல் வரவில்லை. நான் மறுபடி எழுதிப் பாஸாகி, இன்றைக்கும் அதே வேலைதான் செய்கிறேன். அந்த எழுபத்தாறை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. என் விரல்கள் சரியாகத்தான் எண்ணின, நான்தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.