தெர்மாமீட்டர் மாட்டிய சுவர்

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு ஃபைல் எழுதும் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர் நிலைமையைப் பார்க்க அனுப்பும் ஆடிட்டர் கேட்கிற தாள்களையெல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும். கம்பெனியில் முதலாளி கையில் மட்டும் செல்போன் இருந்த காலம்.

அயர்னிங் செக்‌ஷன் மாடியில் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பன்னிரண்டு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் பாய்லரிலிருந்து ஒரு நீராவிக் குழாய். குழாய்களைச் சுற்றியிருந்த கண்ணாடிப் பஞ்சு பாதி உரிந்து இரும்பு வெளியே தெரியும். மாசியிலேயே அங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசி மேசையில் நின்றவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கிடக்கும் சிலுவையை வேலை தொடங்கும்முன் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். உலோகம் சூடேறி நெஞ்சைச் சுடும். அந்தப் பங்குனியில் அவருக்கு இரண்டு முறை சிறுநீரில் ரத்தம் போனது. ஒரு முறை மேசைமேலேயே மயங்கிச் சரிந்தார். கீழ்த்தளத்தில் பேக்கிங்குக்கு மாற்றிவிடும்படி முதலாளியிடம் வந்து கேட்டார்.

முதலாளி யாரையும் அதட்டிப் பேசியதில்லை.

“அதுக்கென்னங்க சாமி. அடுத்த ஆடிட்ல சூடு பாக்கறாங்க. முப்பத்தஞ்சுக்கு மேல காட்டுச்சுன்னா உங்கள மட்டுமில்லீங்க, செக்‌ஷனையே கீழ எறக்கிப் போடறனுங்க” என்றார்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“ஏங்கண்ணு, நீ பிசிக்ஸ்தான படிச்சே? தெர்மாமீட்டர எங்க மாட்டுனா கம்மியாக் காட்டும்?”

எனக்குத் தெரிந்திருந்தது. மாடியின் வடக்குச் சுவருக்கு அந்தப்புறம் சிமென்ட் தண்ணீர்த்தொட்டி. காலையில் லாரித் தண்ணீர் ஏற்றினால் சுவர் மதியம்வரை சில்லென்று இருக்கும். சுவருக்கு வரும் சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அவ்வளவு தண்ணீர் சூடாக நெடுநேரமாகும். அந்தச் சுவரை ஒட்டியே படிக்கட்டு வாசல். சூடான காற்று மேலெழுந்து ஷீட் இடுக்குகளில் வெளியேற, அதற்கு ஈடாகக் கீழ்த்தளத்துக் காற்று அந்த வாசல் வழியாக உள்ளே வரும். ஷீட்டிலிருந்து இறங்கும் அனலை ஓர் அலமாரி மறைத்தது. திடம், திரவம், வாயு மூன்றும் முதலாளிக்கு உதவும் இடம் அது ஒன்றுதான். இடுப்பு உயரத்தில் ஆணி அடித்தேன். கல்லூரியில் இந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

முதல் நாள் மதியம் முப்பத்தொன்று காட்டியது. தூத்துக்குடிக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது, இன்னொரு தெர்மாமீட்டரை அவர் மேசையருகே தலை உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். நாற்பத்து நான்கு. அதை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஆடிட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. தூத்துக்குடிக்காரர் தினமும் மூன்று தடவையாவது வந்து சுவர்த் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரன் உள்ளூர்ப் பையன். அவனுக்கு இது பொழுதுபோக்கு.

“ஏனுங்ணா, எத்தனைங்க?”

“முப்பத்திரண்டு.”

“அடேங்கப்பா! குளுருதுன்னா சொல்லுங்க, ஸ்வெட்டர் பீஸ் ஒண்ணு எடுத்துத் தாரேன்.”

செக்‌ஷனே சிரித்தது.

“சிரிங்கடே, சிரிங்க” என்றார் அவர். “எனக்குத்தான் உள்ள என்னமோ கெட்டுப்போச்சு.”

நான் மாட்டிய இடத்தை அவர் சந்தேகப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் தன் உடம்பைச் சந்தேகப்பட்டார். ஒரு நாள் சுவரோரம் நின்றபடி என்னிடம் சொன்னார்: “பாருங்க சார், இங்கன நிக்கும்போது ஒண்ணும் செய்யல. அங்க போயி அயர்ன புடிச்சாத்தான் கொதிக்கு. வேலைக்கு ஒடம்பு வணங்கல போல.” ஆமாம் என்பதுபோல் தலையசைத்தேன்.

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்தார். தெர்மாமீட்டரைப் படித்துப் படிவத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினார். தொழிலாளி ஒருவரிடம் பேச வேண்டும் என்பது விதி. அவராகவே கடைசி மேசைக்குப் போனார்.

“இங்க சூடு அதிகமா இருக்கா?”

தூத்துக்குடிக்காரர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி அப்போது அங்கே இல்லை. நான் மட்டும் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன்.

“இல்ல சார். மெஷின்ல கம்மியாத்தான காட்டுது. எனக்கு மட்டுந்தான் ஒத்துக்கல.”

ஆடிட்டர் ‘குறை இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

மறுநாள் முதலாளி அவரை அழைத்து உட்காரவைத்து, டீ வரவழைத்தார். “சூட்டுல கொற இல்லீங்க சாமி. ஒடம்புலதான் கொற. ஊருக்குப் போயி நல்லாப் பாருங்க. சொகமானா வாங்க, மேசை உங்களுதுதானுங்க” என்றார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மாடியில் அந்த மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், ஊர்ல பெரிய டாக்டர்ட்ட காட்டப்போறேன். சூட்டுல கெடந்ததால வந்துதுன்னு அவரு தப்பா நெனச்சிரக் கூடாதுல்லா? நம்ம செக்‌ஷன்ல இத்தன டிகிரிதான்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. அப்பந்தான் வேற என்ன நோவுன்னு சரியாத் தேடுவாரு.”

கம்பெனி லெட்டர்ஹெட்டில் டைப் செய்தேன். சராசரி முப்பத்திரண்டு டிகிரி, அதிகபட்சம் முப்பத்து மூன்று. கீழே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினேன். மை கலைந்துவிடக் கூடாதென்று வியர்த்த விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு, தாளின் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.