ஏழு பேர் வீட்டில் ஒரே வெள்ளம்

மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை மதியம். ஒன்பது லெட்டர்களைப் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவது லெட்டரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. நான்காவதிலும் வந்தது. கடைசி லெட்டரை மூடும்போது எனக்கே கால் நனைந்த மாதிரி இருந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு வரி. நான் பிரெஞ்சு சொல்லித்தரும் லிபரல் ஆர்ட்ஸ் யுனிவர்சிட்டி ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் கார் கம்பெனி, அந்தப் பக்கம் கன்டெய்னர் யார்டு, நடுவில் நாங்கள்... பிரெஞ்சு மொழியும் பண்பாடும்! அட்மிஷன் சமயத்தில் அப்பாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "கொரியன் படிச்சா கம்பெனில இன்டர்ப்ரெட்டர் வேலையாவது கெடைக்கும் மேடம். இத வெச்சுக்கினு இன்னா பண்றது?" இருபத்தாறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். நல்ல பதில் இன்னும் கைவசம் இல்லை.

காட்டுவதற்கு ஒன்று உண்டு. பிரான்சில் இருக்கிற ஒரு யுனிவர்சிட்டி வருடத்துக்கு இரண்டு பேரை ஒரு செமஸ்டர் படிக்கக் கூப்பிட்டுக்கொள்ளும். டிக்கெட், சாப்பாடு, ரூம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மார்க் மட்டும் போதாது. 'ஏன் வர ஆசைப்படுகிறாய்?' என்று பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்குப் பெயர் மோட்டிவேஷன் லெட்டர். நான் இருக்கிற செலக்‌ஷன் கமிட்டி வடிகட்டி அனுப்பும், கடைசி முடிவு அவர்களுடையது. இந்த வருடம் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஏழு பேர் வீட்டில் வெள்ளம்.

அதுவும் ஒரே வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரி திறந்தது, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் ஒரு ஸ்கூல் நோட்டு. அதைப் பார்த்து அந்தப் பிள்ளை நினைக்கிறது — நோட்டு போனால் போகட்டும், படித்தது எனக்குள்ளேதானே இருக்கிறது! ஏழு பேரும் அதே நோட்டைப் பார்த்து, அதையே நினைத்து, அதே இடத்தில் கமா போட்டிருந்தார்கள்.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டேன். தென்காசிப் பக்கத்துப் பையன், சீனியர் ரூமில் தங்கிப் படிக்கிறான். அவன் வீட்டுக்குள்ளும் செம்பரம்பாக்கம் தண்ணீர் போயிருந்தது.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணி எப்படிப்பா உங்க ஊர் வரைக்கும் வந்தது?"

நெளிந்தான். "எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது மேடம். சுங்குவார்சத்திரத்துல ஜெராக்ஸ் கடை இருக்குல்லா... அங்க எல்லாத்துக்கும் இதத்தான் குடுக்காவ. பேர மட்டும் மாத்திக்கணும். இத எழுதுன அக்காவுக்கு சீட்டு கெடைச்சுதாம்லா."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

ஆறு வருடம் முன்பு அந்த சீட்டில் போனவள் ஜெயந்தி, என் மாணவி. 'வெள்ளத்துல வூடு மூழ்கிடுச்சு மேடம், நோட்டெல்லாம் நனைஞ்சிடுச்சு' என்று மட்டும்தான் சொன்னாள். 'அப்புறம்? அப்ப உனக்கு என்ன தோணுச்சு?' என்று துருவித் துருவிக் கேட்டது நான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நோட்டை மிதக்கவிட்டது நான், அதில் பாடம் கண்டுபிடித்தது நான், கமா போட்டதும் நானே. அவளுக்கு சீட்டு கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த லெட்டர் கை மாறிக் கை மாறி, இப்போது லீவ் லெட்டர் மாதிரி ஆகிவிட்டது... 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று எழுதுவோமே, அதைப்போல.

டீனிடம் போனேன். விஷயத்தைக் கேட்டவர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ஏழு பேரையும் தூக்கிடுங்க மேடம். மிச்சம் ரெண்டு பேரு, இருக்கிறது ரெண்டு சீட்டு. முடிஞ்சுது."

நியாயம்தான். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் தீபிகா நின்றுகொண்டிருந்தாள். குன்றத்தூர்ப் பக்கம் வீடு. அம்மா ஒரு ஃபேக்டரி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அந்த ஏழு பேரில் ஒருத்தி.

"மேடம், எங்க வூட்ல நெஜமாவே தண்ணி வந்துச்சு மேடம்."

எனக்கு அலுப்பாக வந்தது. "அப்ப அதையே எழுதவேண்டியதுதானே? கடை லெட்டரை ஏம்மா குடுத்த?"

"எழுதிப் பாத்தேன் மேடம். நல்லால்ல. அந்த லெட்டர்ல வர்ற மாதிரி எங்க தண்ணி இல்ல."

"உங்க தண்ணி எப்படி இருந்தது?"

"நாத்தம் மேடம். மூணு நாள் பக்கத்து வூட்டு மாடில இருந்தோம். எறங்கி வந்து பாத்தா வூடு ஃபுல்லா சேறு. எங்கம்மா கிரைண்டர்லருந்து சேத்த வழிச்சுப் போட்டுகினே அழுவுது. நான் டிவி போச்சேனு அழுதேன். நோட்டெல்லாம் எங்க போச்சுனே தெரியாது. அதுல கத்துக்கிறதுக்கு இன்னா கீது மேடம்?"

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே சேற்றை வழித்த பெண் நகலடித்தவளாக நிற்கிறாள். அவள் வீட்டு வெள்ளத்தை அவளே எழுத முடியாதபடி அழகாக்கி வைத்தது யார்? சாட்சாத் நான்தான்.

திரும்ப டீன் ரூமுக்குள் போனேன். உட்காரவில்லை. "சார், அந்த முதல் லெட்டரை எழுதினது ஜெயந்தி இல்ல. நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே மேடம்."

இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருடமாக நான் இருந்த செலக்‌ஷன் கமிட்டியில் இனி நான் இல்லை என்பதை மிக மரியாதையாகச் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன் — யாரையும் தூக்க வேண்டாம், ஒன்பது பேரையும் ஒரே ரூமில் உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் கையால் எழுதச் சொல்லுங்கள், போன் கூடாது, எழுதியதைத் திருத்தாமல் அப்படியே பிரான்சுக்கு அனுப்புங்கள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வியாழக்கிழமை எழுதினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாம் அனுப்பி முடித்த பிறகு ஆபீசில் தீபிகாவின் பேப்பரை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கம். நின்றபடியே பார்த்ததில் நான்கு தப்பு. கிரைண்டர் இருந்தது, டிவி இருந்தது. பாடம் எதுவும் இல்லை. ஏன் வர ஆசைப்படுகிறாய் என்பதற்குக் கடைசியில் இரண்டு வாக்கியம்: 'அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும்.'

அந்த நான்கு தப்பைத் திருத்தக் கை பரபரத்தது. உண்மையைச் சொல்கிறேன், இத்தனைக்கும் பிறகும் பரபரத்தது.

நேற்று மெயில் வந்தது. தீபிகாவுக்கு சீட்டு கிடைத்துவிட்டது.

கேம்பஸ் வாசல் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பேகை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், அங்க போனா... இந்தத் தண்ணி வந்த கதைய மறுபடி சொல்லணுமா?"

"வேணாம்மா. ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்."

சொல்லிவிட்டேன். ஆனால் அங்கேயும் கேட்பார்கள்... 'அப்ப உனக்கு என்ன தோணுச்சு?' என்று கேட்டுத்தானே நானே சம்பளம் வாங்குகிறேன்.