மாமனார் பெயரில் ஒரு மருமகள்

பொன்செல்வியின் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த காலையில் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. மாமனார் சிவசுப்பிரமணியன் மளிகைக்கடையைத் திறக்கப் போயிருந்தார். புருஷன் சிவபிரகாஷ் கனடாவில், எட்மண்டன் என்ற ஊரில், ஒரு கிட்டங்கியில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மாமியார் செல்லத்தாய் வாசலில் சாளை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். பொன்செல்வி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“சிவசுப்பிரமணியன் வீடு இதுதானம்மா?”

“இதான்.”

“அவரு சம்சாரத்தக் கூப்பிடுங்க. பாஸ்போர்ட் என்கொயரி.”

செல்லத்தாய் கையைச் சேலையில் துடைத்தாள். “நாந்தான். எனக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு? நான் திருச்செந்தூரத் தாண்டி எங்கயும் போனதில்லயே.”

போலீஸ்காரர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “வயசு இருபத்தஞ்சுன்னுல்லா போட்டிருக்கு.”

மீன்காரி சிரித்துவிட்டாள். “அம்மா மேக்கப்பு போடல சார். போட்டா இருபத்தஞ்சுதான்.”

“பேரு பொன்செல்வி சிவசுப்பிரமணியன். நீங்களா?”

“அது என் மருமவ.”

“அப்ப உங்க மகன் பேரும் சிவசுப்பிரமணியனா?”

“மகன் பிரகாசு. இது அவுக பேரு.”

“அவுகன்னா யாரும்மா?”

செல்லத்தாய் கடை இருந்த திசையில் கையைக் காட்டினாள். பொன்செல்வி ஈரத்துணியோடு ஓடி இறங்கி வருவதற்குள், அக்கம்பக்கத்துச் சாட்சிக்காக எதிர்வீட்டு ஜீவமணியும் வந்து நின்றிருந்தாள். சிவசுப்பிரமணியன் அண்ணாச்சிக்குச் சம்சாரம் செல்லத்தாய் ஒருத்திதான், வேறு யாரும் எனக்குத் தெரிந்து கிடையாது என்று அவள் சத்தமாகவே சொன்னாள். வேண்டுமென்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்தப் பெயர் வந்தது இப்படி.

சிவபிரகாஷின் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்ற இடத்தில் அவன் அப்பா பெயர் இருந்தது. கனடாவில் அதுவே அவன் பெயராகிவிட்டது. முழுதாகச் சொல்ல நாக்கு வராமல் மேஸ்திரி அவனை ‘சிவசு’ என்று கூப்பிடுவதாகச் சொல்வான். அறையில் கூட இருந்த ஒருவன், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருந்தால் விசாவில் குடைவார்கள் என்று அவனிடம் சொல்லியிருந்தான். அது மெய்யா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. “உனக்கும் அதையே மாத்திரு செல்வி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளாடிஸ் கடை இருக்குல்லா, அங்கன போ,” என்றான் போனில்.

கிளாடிஸ் பொன்செல்வியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பங்களும் பார்க்கிற கடை வைத்திருந்தாள். கடற்கரைக் குடும்பம். கிளாடிஸ் பர்னாந்து. அவள் அப்பா பர்னாந்து, அண்ணன் பர்னாந்து, அண்ணன் கட்டிவந்த மதினியும் பர்னாந்து. பரம்பரையாக ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏறிவருகிற பெயர். அதனால் சிவபிரகாஷின் பாஸ்போர்ட் நகலைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சிவசுப்பிரமணியன் என்பது அந்த வீட்டுக் குடும்பப் பெயர், மருமகளுக்கும் அதுதான். அடித்துவிட்டாள்.

“பொன்செல்வி சிவசுப்பிரமணியன். பாக்கவே கலெக்டர் பேரு மாதிரி இருக்குளா,” என்றாள்.

பொன்செல்வி சிரித்தாள். அதைத்தான் அவளால் இப்போது தாங்க முடியவில்லை. பி.பார்ம் படித்தவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா தங்கப்பாண்டி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஒரு மருந்துச்சீட்டில் எழுத்து மங்கலாக இருந்தால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். தன் பெயரை மாற்றும்போது மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நம் ஊரில் பெண்ணின் பெயரோடு ஒட்டிவருவது ஒன்று அப்பன் பெயர், இல்லையென்றால் புருஷன் பெயர். மூன்றாவதாக ஓர் ஆள் கிடையாது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம், மீன்காரிக்கே தெரியும். கல்யாணம் என்றால் எல்லாமே மாறத்தான் செய்யும் என்று அவளும் நினைத்துக்கொண்டாளா, அல்லது கேள்வி கேட்டால் அவன் முகம் மாறும் என்று பயந்தாளா? எத்தனையோ தரம் யோசித்துவிட்டாள். இரண்டும்தான் என்று தோன்றியது.

அப்பாவிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

“புருஷன் வீட்டுப் பேருதான, போட்டுக்கோ,” என்றார் தங்கப்பாண்டி. போனில் லாரி இஞ்சின் இரைந்தது. “நம்ம பேரு எங்கயும் வராதாம்மா? ஓரத்துலகூட?”

“பாஸ்போர்ட்டு கடைசிப் பக்கத்துல, அப்பா பேருன்னு வரும்பா.”

“வந்தாப் போதும்.”

போலீஸ்காரர் வந்துபோன செய்தி தெரு முழுக்கப் பரவியது. கடைக்குச் சீனி வாங்க வந்த ஒரு பயல், “அண்ணாச்சி, புது அண்ணாச்சியம்மாவுக்கு பாஸ்போர்ட்டு வந்துட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனான். சிவசுப்பிரமணியன் மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். செல்லத்தாய் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தாள். இரவில் அவர் வந்ததும் பொன்செல்வி மாடிக்குப் போய்விட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே வழக்கமாயிற்று. மாமனாரும் மருமகளும் ஒரே கூடத்தில் இருந்தால், ஜன்னல் வழியாகத் தெரு பார்க்கிறது என்று அவருக்கு ஒரு கூச்சம். அவர் கெட்டவரில்லை. இந்த மருமகளுக்கென்று சைவ நாளிலும் தனியாக முட்டை எடுத்துவரச் சொன்னவர்தான்.

ஸ்டேஷனுக்குப் பொன்செல்வியும் கிளாடிஸும் போனார்கள். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகத்தான் பேசினார்.

“கல்யாணத்துனால பேரு மாத்துதேன்னு எழுதியிருக்க. கல்யாண சர்டிபிகேட்டுல மாப்பிள்ள சி. சிவபிரகாஷ். அந்த ‘சி’ யாருன்னு இதுல இல்ல. பக்கத்து வீட்டு ஸ்டேட்மென்ட் வேற மாதிரி இருக்கு. நான் என்னன்னு ரிப்போர்ட் அனுப்ப?”

“என்ன வேணும் சார்?”

“உங்க மாமனார் நோட்டரி முன்னால ஒரு பேப்பர் கொடுக்கட்டும். சிவபிரகாஷ் என் மகன், இந்தப் பொண்ணு அவன் மனைவி, எனக்கு மருமகள்தானே தவிர வேற உறவு இல்ல. அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் கிளாடிஸ் அழுதாள். “என்னாலதான்ளா எல்லாம். எங்க வீடு மாதிரின்னு நெனச்சுட்டேன்.”

“ஒன்ன மட்டும் சொல்லி என்ன? நானும் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்,” என்றாள் பொன்செல்வி.

அன்று இரவு பொன்செல்வி மாடிப்படியில் நின்று, கீழே செல்லத்தாய் கேட்பதையும் மாமனார் சொல்வதையும் கேட்டாள்.

“வேற உறவு இல்லன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? அப்படி ஒரு பேச்சு இருந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும். அந்த நோட்டரி வக்கீல் நம்ம கடையிலதான் சாமான் வாங்குதாரு. நாளைக்கு ஊரு சிரிக்கும். முடியாது.”

“பிள்ள அங்கன காத்துக்கிட்டு இருக்கானே.”

“இருக்கட்டும். வரும்போது வரட்டும்.”

சிவபிரகாஷின் வேலை பெர்மிட் சித்திரை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் சேர்த்து, அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்தாக வேண்டும். பெயரை மாற்றக் கொடுத்தபோதே பொன்செல்வியின் பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது. புதியது வரவில்லை. இந்த நிமிஷத்தில் வெளிநாடு போக அவள் பெயருக்கு எந்தச் சீட்டும் இல்லை.

“எங்கப்பா பேர வச்சதுல என்ன கேவலம் வந்துட்டு உங்களுக்கு?” என்று போனில் கத்தினான் சிவபிரகாஷ்.

“கேவலம்னு நான் சொல்லல. அவுகதான் சொல்லுதாக. நீங்க ஒரு வார்த்த பேசுங்க.”

“பேசிட்டேன். போன வச்சுட்டாரு.” மூச்சு இரைத்தது. “ஒண்ணு சொல்லுதேன் கேளு. பெர்மிட்டு முடிஞ்சாலும் நான் ஊருக்கு வரமாட்டேன். வந்து அப்பா கடையில பொட்டலம் கட்டச் சொல்லுதியா? இங்கனயே எவன் ஓட்டல்லயாவது ஒளிஞ்சு கெடப்பேன். அதுக்கப்புறம் நீயும் வர முடியாது, நானும் வர முடியாது. எத்தன வருசமோ, தெரியாது.”

“அப்ப நான்?”

வேலை இடைவேளை முடிந்துவிட்டது என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் மாமனாரிடம் நேரில் கேட்கவில்லை. இரண்டு தரம் கடைவரைக்கும் போனாள். முதல் தரம் கடையில் ஆள் இருந்தது. இரண்டாவது தரம் யாரும் இல்லை, அவர் தனியாக மிளகாய்வற்றல் மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். அவள் கல்லாவுக்கு முன்னால் நின்று, வத்தலின் நெடியில் இரண்டு தும்மல் தும்மிவிட்டுத் திரும்பி வந்தாள். கூப்பிட்டிருக்கலாம். மாமா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். தெருவில் ஜீவமணி நின்றிருந்தாள்.

விசாரணை பாதகமாக முடிந்தால் பிறகு எந்தப் பெயரில் கேட்டாலும் தொல்லை என்று கிளாடிஸ் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். அதற்கு முன்பாக நாமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், புதிதாகப் போடலாம். ஆனால் அது சித்திரைக்குள் வராது. மறுநாள் காலை பொன்செல்வி கிளாடிஸ் கடைக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வந்ததையெல்லாம் இந்தத் தடவை வரி வரியாகப் படித்தாள். படித்துவிட்டு, “அமுக்கு,” என்றாள்.

“புதுசுக்கு என்ன பேருளா போட? உங்கப்பா பேரா, உன் வீட்டுக்காரர் பேரா?”

பொன்செல்விக்கு அப்பா பெயர் என்று வாய்வரை வந்தது. அதுவும் அவளாகத் தேர்ந்தெடுத்தது இல்லையே என்று நினைத்தாள். “அப்புறம் சொல்லுதேன்,” என்று எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்லத்தாயிடம், “எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டேன் அத்தை. இனிமே போலீஸ் வராது. அந்தப் பேரும் இல்ல,” என்றாள். செல்லத்தாய் உடனே கடைக்கு ஓடினாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து பொன்செல்வி பார்த்ததில்லை.

மதியம் சிவசுப்பிரமணியன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முகம் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். செல்லத்தாய் உளுந்தஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். பொன்செல்விதான் பரிமாறினாள். ஜன்னல் திறந்தே கிடந்தது.

“அவசரம் என்ன,” என்றார் அவர் தட்டைப் பார்த்தபடி. “அவன் லீவுல வரும்போது நானே கூடப் போய் எல்லாத்தையும் சரிபண்ணித் தாரேன்.”

“அவுக வரமாட்டாக மாமா.”

பிசைந்த கை நின்றது.

“பெர்மிட்டு முடிஞ்சாலும் வரமாட்டாகளாம். அங்கனயே ஒளிஞ்சு கெடப்பேன்னு சொல்லுதாக. உங்ககிட்ட சொல்லலயா?”

“என்கிட்ட விசா விசான்னுதான் கத்துனான். நான் போன வச்சுட்டேன்.” அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். “ஒளிஞ்சா? கள்ளன் மாதிரியா?”

“ஆமா மாமா.”

அவர் எச்சில் கையோடு எழுந்தார். முற்றத்துக் குழாயில் கையைக் கழுவி உதறினார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானைப் பூட்டியபடியே கேட்டார். “அந்த வக்கீல் இந்நேரம் வீட்லதான் இருப்பாரு. பேப்பர எடு, போவோம். எங்க வச்சிருக்க?”

பொன்செல்வி குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

“காலையிலதான மாமா ரத்து பண்ணுனேன். இனி பேப்பர் கொடுத்தாலும் சித்திரைக்குள்ள வராது,” என்றாள்.

செல்லத்தாய் அடுப்படியிலிருந்து மோர்ச் செம்போடு வந்தாள். சோற்றுத் தட்டு பாதியில் கிடந்தது, இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் அவளும் நின்றாள்.