இரண்டு மணிப் பேச்சு, இரண்டு மணிக் கப்பல்

நுழைவுக் கட்டணம் இல்லாமல் மாநாடு நடத்துகிறவருக்கு முதல் வேலையே, அது ஏன் இலவசம் என்று விளக்குவதுதான். போர்ட் பிளேரில் மென்பொருள் எழுதுகிற நாங்கள் சிலர் சேர்ந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் கூட்டம் போடுகிறோம். வேலையில் கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். என்னைப் போல் ஊருக்கு உழைக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இனி சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

குக்கர் எங்கே?

ஊரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் ஒரு மண்டபம் கேட்டுப் போனேன். பொறுப்பாளர் முத்தையா அண்ணன் காண்ட்ராக்டர். லேசில் ஏமாறுகிறவர் இல்லை. காசு வாங்காமல் நூறு பேருக்குச் சோறு போடுவோம் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசி நாள் குக்கர் விற்பீர்களா, சீட்டுக் கம்பெனியா என்று கிண்டிப் பார்த்தார். சாப்பாடு ஒரு ஓட்டல்காரர் தருகிறார், பேசுகிறவர்கள் சும்மா பேசுகிறார்கள், எதையும் விற்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"எதுவுமே விக்கலைன்னா அது இன்னும் டேஞ்சர்மா. மத்லப், அதாவது, ஆதார் நம்பர் கேப்பீங்களா?"

போஸ்டரின் அடிப்பக்கம்

என்னோடு சேர்ந்து நடத்தும் பிஸ்வாஸுக்கு ஒரு கொள்கை உண்டு: மெயின்லேண்டிலிருந்து ஆள் வந்தால்தான் கூட்டம் வரும். அதனால் சென்னையிலிருந்து வர ஒப்புக்கொண்ட ரகுநாதன் சாரின் படம் போஸ்டரில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது. தீவிலிருந்தே பேச வரும் தவமணியின் பெயர் அடியில், மண்டபத்து முகவரிக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்கு. அவளுக்குக் கிடைத்தது ஞாயிறு மதியம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணசரும் நேரம்.

தவமணி கார் நிக்கோபாரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். தீவுகளில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, தானாகவே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். நெட் இல்லாதபோதும் அது ஓடும். நெட் வந்ததும் இரண்டு தீவில் பதிந்ததையும் ஒன்றுசேர்க்கும். இதையே வைத்துக்கொள்வதா, தூக்கிப்போடுவதா என்று திங்கட்கிழமை அவளுடைய அதிகாரி முடிவு செய்யப் போகிறார். இருபது நிமிடப் பேச்சுக்கு இத்தனை தூரம் கப்பலில் வர வேண்டுமா என்று போனில் கேட்டேன்.

"நான் எழுதினது சரியா பிழையான்னு பார்த்துச் சொல்ல இங்க ஒரு ஆள் இல்லக்கா. அதக் கேக்கத்தான் வாரேன்."

நாற்பத்தைந்து நிமிடம்

ஞாயிறு காலை ரகுநாதன் சாருக்குக் கொடுத்தது நாற்பத்தைந்து நிமிடம். ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் மனிதர் பாதியில்தான் நின்றார். கூட்டம் நடத்தியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். அப்போதுதான் செய்தி வந்தது: கடல் கொந்தளிப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று, மாலை ஐந்து மணிக் கார் நிக்கோபார் கப்பல் மதியம் இரண்டுக்கே போகிறது, ஒரு மணிக்குள் பயணிகள் கப்பல் ஏறும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இருக்க வேண்டும். மணி பன்னிரண்டு. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது, தவமணியின் லீவோ அன்றோடு சரி. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

மேடையேறி மைக்கை வாங்கினேன். மீதி மாநாடு ஜெட்டியில் நடக்கும், வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தேன். பிஸ்வாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். முத்தையா அண்ணன் தன் மினி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். விற்பனை அங்கேதான் நடக்கும் என்று முடிவு கட்டியிருப்பார். ரகுநாதன் சார் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"என் பேச்சை எப்ப வேணா நெட்ல கேக்கலாம். வண்டி எங்க நிக்குது?"

நகர்ந்த மேடை

ஜெட்டி கேட்டுக்கு வெளியே நீண்ட வரிசை. டிக்கெட் உள்ள ஒருத்தியோடு, டிக்கெட் இல்லாத முப்பது பேர் நின்றோம். முன்னால் நின்ற பயணியிடம் கேட்டு, அவருடைய வெங்காய மூட்டைகள் மேல் இரண்டு லேப்டாப்பை வைத்தாள் தவமணி. ஒரே மருந்துக்கு இரண்டிலும் இரண்டு எண்ணிக்கை போட்டு, இரண்டையும் இணைத்துக் காட்டினாள். வரிசை நகர்ந்தது, மூட்டை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

ஒரு மெஷினின் கடிகாரம் தப்பாக ஓடினால் எந்த எண்ணை நம்புவாய் என்று மடக்கினார் ரகுநாதன் சார். கடிகாரத்தை நம்புவதே இல்லை, இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு மருந்து பாட்டிலை எண்ணிச் சொல்லும்படி அங்கிருக்கும் ஆளிடமே புரோகிராம் கேட்கும் என்றாள். அவர் தாறுமாறாக எதையெதையோ தட்டிப் பார்த்தார். புரோகிராம் தடுமாறவில்லை. இதில் பிழை இல்லை, இதே விஷயத்தைத் தன் டீம்தான் தப்பாகச் செய்து வைத்திருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். வரிசையில் இருந்த பயணிகளும் சேர்ந்து கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

கேட் வந்தது. லேப்டாப் இரண்டையும் பைக்குள் வைத்தவள், டிக்கெட்டைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த வருசம் சாப்பாட்டுக்குப் பொறகு போடாதீங்கக்கா. காலையில முதல் ஆளாப் போடுங்க."

மாநாடு நடத்தி நான் கற்றது ஒன்றுதான்: போஸ்டரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கப்பல் கிளம்பிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.